கம்பிக்கு வெளியே நாலு தண்டவாளம்: சோவியத்தின் மின்சார ஷண்டிங் எஞ்சின்கள்

ரயில்வே எபிசோட்னு சொன்னதுமே வேகம், புல்லட் ரயில், சைபீரியாவைக் கடக்கிற ஏழு நாள் பயணம்னு எதிர்பார்த்திருப்பீங்க. இன்னைக்கு அதெல்லாம் இல்ல. ஒரே யார்டுக்குள்ள, ஆள் நடக்கிற வேகத்துல, வாழ்நாள் முழுக்க முன்னாடியும் பின்னாடியும் போய்வந்த எஞ்சின்களைப் பத்தித்தான் பேசப்போறேன்.

சோவியத் யூனியன் 1960-களில் ரெண்டு வகை மின்சார ஷண்டிங் எஞ்சின்களைத் தயாரித்தது. ஒன்று விஎல்41. 1963, 1964 ஆண்டுகளில் 78 எஞ்சின்கள். இன்னொன்று விஎல்26. 1966, 1967-இல் வெறும் 10. அவ்வளவுதான். அதே வேலைக்கு, செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து வந்த ஒரு டீசல் எஞ்சின் 7000-க்கும் மேல் வாங்கப்பட்டது. ரயில் பாதைகளை மின்மயமாக்குவதை நாட்டின் பெருமையாகவே சொல்லிக்கொண்ட தேசம் அது. மாஸ்கோவிலிருந்து இர்குட்ஸ்க் வரைக்கும் 5000 கிலோமீட்டருக்கு மேல் 1961-க்குள்ளேயே கம்பி கட்டி முடித்தவர்கள். அந்தக் கம்பிக்கு நேர் கீழே, யார்டில் மட்டும் டீசல் புகைந்துகொண்டே இருந்தது. ஏன்? இந்த எபிசோட் அதுக்குத்தான்.

முதல்ல ஷண்டிங்னா என்னன்னு பார்த்துடலாம். சரக்கு ரயில் முழுசா ஒரே ஊருக்குப் போறதில்ல. பத்து வேகன் இரும்பு ஆலைக்கு, அஞ்சு துறைமுகத்துக்கு, மூணு எங்கேயோ ஒரு தானியக் கிடங்குக்கு. வந்த ரயிலைப் பிரித்து, வேகன்களை இலக்கு வாரியாக அடுக்கி, புது ரயிலாகக் கோர்க்க வேண்டும். பெரிய யார்டுகளில் இதற்காகவே ஒரு செயற்கை மேடு இருக்கும். ஷண்டிங் எஞ்சின் பின்னாலிருந்து ரயிலை மெதுவாக மேட்டில் தள்ளும். உச்சியில் கப்ளிங்கை எடுத்துவிடுவார்கள். வேகன் தானாக உருண்டு இறங்கி, பாயிண்ட் காட்டுகிற தண்டவாளத்துக்குள் போய் நிற்கும். ராக்கெட் சயின்ஸ் மாதிரி தெரியாது. ஆனா ஒரு நாட்டோட மொத்த சரக்கும் இந்த மேட்டைத் தாண்டித்தான் போகணும். யார்டு ஒருநாள் திணறினால், பின்னாடி நூறு கிலோமீட்டருக்கு ரயில்கள் வரிசை கட்டி நிற்கும்.

இந்த வேலையைச் செய்கிற எஞ்சினுக்கு வேகம் தேவையில்லை. கனமான ரயிலை நின்ற இடத்திலிருந்து நகர்த்துகிற இழுவிசை வேண்டும். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை புறப்பட்டு நிற்கணும். நடுவில் சும்மா காத்திருக்கிற நேரமும் நிறைய. மின்சார எஞ்சின்தான் இதற்கு இயல்பான தேர்வு என்று படிப்பவர் எவரும் சொல்வார்கள். மின் மோட்டார் நின்ற நிலையிலேயே முழு முறுக்கு விசை கொடுக்கும். காத்திருக்கும்போது கிட்டத்தட்ட எதுவும் செலவாகாது. காகிதத்தில் பார்த்தால் போட்டியே கிடையாது.

அப்போ சோவியத்காரங்க அதை ஏன் 1963 வரைக்கும் செய்யலை? காரணம் மின்சாரத்தின் வகையில் இருக்கிறது. அங்கே ரயில் மின்மயம் நேர்மின்சாரத்தில், அதாவது டிசியில் வளர்ந்தது. 1932-இல் ஜார்ஜியாவின் சுராமி மலைக் கணவாயில் 3000 வோல்ட் டிசி. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் எஞ்சின்கள் அங்கே ஓடின. அதே வருடக் கடைசியில் சோவியத்தின் சொந்த எஞ்சின் விஎல்19 வந்தது. விஎல் என்றால் விளாதிமிர் லெனின், வேறு ஒண்ணுமில்ல.

டிசி எஞ்சினில் அந்தக் காலத்தில் வேகத்தைக் கட்டுப்படுத்த முக்கிய வழி ரெசிஸ்டர். புறப்படும்போது மோட்டாருக்கு முன்னால் பெரிய ரெசிஸ்டர்களைப் போட்டு மின்னோட்டத்தை அடக்குவார்கள். வேகம் ஏற ஏற ஒவ்வொன்றாக எடுப்பார்கள். மோட்டார்களைத் தொடரிணைப்பிலிருந்து பக்க இணைப்புக்கு மாற்றுவதால் இழப்பு கொஞ்சம் குறையும். ஆனாலும் ஒவ்வொரு புறப்பாட்டிலும் வாங்கிய ஆற்றலில் கணிசமான பங்கு வெறும் வெப்பமாகக் கூரை வழியே போய்விடும். நீண்டதூர ரயிலுக்கு இது பிரச்சினையே இல்ல. ஒரு தடவை புறப்பட்டா அடுத்த நூறு கிலோமீட்டருக்கு ரெசிஸ்டர் பக்கமே போகத் தேவையில்லை. ஷண்டிங் எஞ்சினோ புறப்படுவதற்காகவே பிறந்தது. மேட்டில் மணிக்கு அஞ்சு கிலோமீட்டரில் தள்ளிக்கொண்டே இருக்கும்போது அது பாதி நேரம் எஞ்சின், பாதி நேரம் ஹீட்டர்.

1956 பிப்ரவரியில் நிலைமை மாறியது. பதினைந்து ஆண்டுகளில் சுமார் 40,000 கிலோமீட்டர் பாதையை மின்மயமாக்கும் பெருந்திட்டம் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு நீராவி எஞ்சின் உற்பத்தியும் நின்றது. புதிய பாதைகள் பலவற்றுக்கு 25,000 வோல்ட் மாறுமின்சாரம், ஏசி. கம்பி மெலிதாகும், சப்ஸ்டேஷன்களின் எண்ணிக்கை குறையும். இந்தியாவும் ஏறக்குறைய அதே ஆண்டுகளில் இதே 25,000 வோல்ட்டைத்தான் தேர்ந்தெடுத்தது. ஏசி எஞ்சினுக்குள் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். அதன் வெவ்வேறு டேப்பிலிருந்து வேண்டிய வோல்டேஜை எடுத்துக்கொள்ளலாம். ரெசிஸ்டரில் எரித்துத் தள்ள வேண்டியதில்லை. புறப்படுகிற வேலைக்கு ஏசி கச்சிதம்.

ஒரே ஒரு தடை ரெக்டிஃபயர். 1957-இல் வந்த விஎல்60 எஞ்சினில் பாதரசம் நிரம்பிய இக்னிட்ரான் குழாய்கள் இருந்தன. குளிரூட்டல், வெப்பநிலைக் கட்டுப்பாடு என்று அதற்கு ஏகப்பட்ட பராமரிப்பு. நாள் முழுக்க வேகன்களோடு மோதிக்கொண்டு குலுங்குகிற ஷண்டிங் எஞ்சினுக்குள்ள பாதரசக் குழாயை வெச்சா எப்படி இருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. 1960-களின் தொடக்கத்தில் சிலிக்கான் டயோடுகள் அந்த இடத்தைப் பிடித்தன. சின்னது, திடமானது, குலுங்கினாலும் கவலையில்லை. ஆக, ஒரு சின்ன ஏசி ஷண்டிங் எஞ்சின் சாத்தியமானதே அப்போதுதான். உக்ரைனின் தினிப்ரோபெட்ரோவ்ஸ்க் நகரத்து மின்சார எஞ்சின் ஆலை, இப்போ அந்த ஊர் பெயர் தினிப்ரோ, 1963-இல் விஎல்41-ஐ வெளியே கொண்டுவந்தது.

இங்க ஒரு சின்ன இடைச்செருகல், நம்ம டெவலப்பர் நண்பர்களுக்காக. அந்தப் பெயரிலிருக்கும் எண் சும்மா இல்லை. சோவியத் முறையில் 18 வரை எட்டு அச்சு டிசி எஞ்சின், 19 முதல் 39 வரை ஆறு அச்சு டிசி, 40 முதல் 59 வரை நாலு அச்சு ஏசி, 60 முதல் 79 வரை ஆறு அச்சு ஏசி, 80-லிருந்து எட்டு அச்சு ஏசி. அதனால விஎல்41னு பார்த்ததுமே நாலு அச்சு, ஏசினு சொல்லிடலாம். விஎல்26 ஆறு அச்சு, டிசி. டாக்குமெண்டேஷனே வேண்டாம், பெயரே போதும். இவ்வளவு ஒழுங்கா வேரியபிளுக்குப் பெயர் வைக்கிற டீமை நான் இன்னும் பார்க்கலை.

சரி, எஞ்சின் ரெடி. தொழில்நுட்பம் ரெடி. 78-லேயே ஏன் நின்றது? என்னைக் கேட்டால், குறை எஞ்சினில் இல்லை, தலைக்கு மேலே இருந்த கம்பியில்தான். மின்சார எஞ்சின் என்பது பாதிப் பொருள்தான். மீதிப் பாதி வானத்தில் தொங்குகிறது.

பிரதான பாதையில் ரெண்டு தண்டவாளம், ரெண்டு வரிசைக் கம்பி. கணக்கு எளிது. யார்டில் முப்பது தண்டவாளங்கள் விசிறி மாதிரி விரியும். ஒவ்வொரு பாயிண்ட்டுக்கு மேலேயும் கம்பியும் அதேபோலப் பிரியணும். பாண்டோகிராஃப் ஒரு கம்பியிலிருந்து இன்னொன்றுக்குச் சிக்காமல் வழுக்கிப் போகுமாறு உயரமும் இழுவிசையும் துல்லியமாக இருக்கணும். இத்தனையும் கட்டிய பிறகு, ஒவ்வொரு தண்டவாளத்திலும் எஞ்சின் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஓடும்? சில நிமிடம். ஒரு கிலோமீட்டர் கம்பிக்கு ஆகிற செலவு கிட்டத்தட்ட அதேதான், பயன்பாடு மட்டும் நூறில் ஒரு பங்கு.

அது பணம் சம்பந்தப்பட்டது. பணத்தால் தீர்க்க முடியாததும் இருந்தது. வேகனில் சரக்கு ஏற்றுவது மேலிருந்து. கிரேன் மரத்தடியைத் தூக்கி வைக்கும், நிலக்கரி சரிவு வழியே கொட்டும், தானியம் குழாய் வழியே இறங்கும். அந்த இடத்தில் 25,000 வோல்ட் கம்பி ஓடினால் ஒண்ணு கிரேன் இருக்காது, இல்ல கம்பி இருக்காது. எண்ணெய் நிரப்புகிற சைடிங் பற்றிக் கேட்கவே வேண்டாம். யார்டில் வேலை செய்கிறவர்கள் வேகன் மேல் ஏறுவார்கள், இறங்குவார்கள். உயர் அழுத்த ஏசியில் கம்பியைத் தொட வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை, பக்கத்தில் போனாலே போதும். அதனால் தொழிற்சாலை, துறைமுகம், கிடங்கு என்று வேகன் உண்மையில் போய்ச்சேர வேண்டிய கடைசி சில நூறு மீட்டர் எப்போதும் கம்பிக்கு வெளியேதான். ஷண்டிங் எஞ்சினின் வேலையே அங்கேதான். முப்பது தண்டவாளத்தில் இருபத்தாறுக்குக் கம்பி இருந்து நாலுக்கு இல்லைன்னா, அந்த நாலுக்காக ஒரு டீசல் எஞ்சின் வாங்கியே ஆகணும். வாங்கின பிறகு, அது மீதி இருபத்தாறிலும் நல்லாவே ஓடும். அப்போ மின்சார எஞ்சின் எதுக்கு?

இதோடு சோவியத்துக்கே உரிய இன்னொரு தலைவலி. பழைய பாதைகள் 3000 வோல்ட் டிசி, புதியவை 25,000 வோல்ட் ஏசி. இரண்டும் சந்திக்கிற சந்திப்பு நிலையங்களில் ஒரே தண்டவாளத்தின் கம்பியை, வருகிற எஞ்சினுக்கு ஏற்றபடி ஏசிக்கும் டிசிக்கும் மாற்றி மாற்றிக் கொடுக்கிற ஸ்விட்ச் ஏற்பாடு வைத்தார்கள். ஏசி எஞ்சின் வந்து ரயிலை விடும், கம்பியை மாற்றுவார்கள், டிசி எஞ்சின் வந்து எடுத்துப்போகும். அந்த நிலையத்தில் ஷண்டிங் செய்ய விஎல்41-ஐ வைத்தால், கம்பி டிசிக்கு மாறியதும் அது நகராத இரும்பு. டீசல் எஞ்சினுக்கோ மேலே என்ன ஓடுதுன்னு தெரியவே தேவையில்லை.

எல்லா நாட்டிலும் இப்படித்தானா என்றால், இல்லை. சுவிட்சர்லாந்து 1920-களிலிருந்து 1960-கள் வரை ஈஇ 3/3 என்ற சின்ன மின்சார ஷண்டிங் எஞ்சின்களை நூற்றுக்கும் மேல் கட்டியது. ஆனால் அது சின்ன நாடு. நிலக்கரி இல்லை, மலையருவி மின்சாரம் உண்டு. முதல் உலகப்போரில் நிலக்கரிக்குத் திண்டாடிய அனுபவமும் இருந்தது. யார்டுகளுக்கும் கம்பி கட்டினார்கள், நாடு முழுக்க ஒரே மின்முறை. சோவியத்தில் இதில் எதுவுமே பொருந்தாது.

தினிப்ரோபெட்ரோவ்ஸ்க் பொறியாளர்கள் இதையெல்லாம் அறியாதவர்கள் அல்ல. அடுத்து அவர்கள் செய்ததைப் பார்த்தால் தெரியும். 1966-இல் வந்த விஎல்26, கம்பி இருக்கும் இடத்தில் கம்பியிலிருந்தும், இல்லாத இடத்தில் தனக்குள்ளேயே இருக்கும் பேட்டரியிலிருந்தும் ஓடும். அந்த நாலு தண்டவாளத்துக்கான நேரடிப் பதில். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடிச்ச எஞ்சின் இதுதான்.

ஐடியா எவ்வளவு புத்திசாலித்தனம்னு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காரிலோ போனிலோ பேட்டரியின் பெரிய எதிரி எடை. ஷண்டிங் எஞ்சினில் எடை நண்பன். சக்கரம் வழுக்காமல் இழுக்கக்கூடிய விசை, எஞ்சினின் எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. எஞ்சின் லேசா இருந்தா சக்கரம் சும்மா சுத்தும். வேண்டுமென்றே கனம் சேர்த்த ஷண்டிங் எஞ்சின்கள்கூட உண்டு. அந்தக் கனத்தைப் பேட்டரியாக வைத்தால் என்ன? அக்கால லெட்-ஆசிட் பேட்டரி ஒரு கிலோவுக்குச் சுமார் 30 வாட்-மணி தரும் என்று வைத்துக்கொள்வோம். 1000 கிலோவாட் எஞ்சினை ஒரு மணி நேரம் முழுத் திறனில் ஓட்ட 33 டன் பேட்டரி வேண்டும். பயங்கரமா இருக்கா? ஷண்டிங் எஞ்சின் ஒரு மணி நேரம் முழுத் திறனில் ஓடவே ஓடாது. கம்பியில்லாத சைடிங்குக்குள் போய் வேகனை விட்டுத் திரும்பச் சில நிமிடம். சில டன் பேட்டரியே போதும். மீதி நேரம் கம்பிக்குக் கீழே வந்து சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம்.

காகிதத்தில் இவ்வளவு அழகு. ஆனால் பத்து எஞ்சின்களோடு முடிந்தது. அந்தத் தலைமுறை பேட்டரிகளின் குணம் அப்படி. அடிக்கடி ஆழமாக டிஸ்சார்ஜ் ஆனால் ஆயுள் குறையும். தண்ணீர் ஊற்றி, செல் செல்லாகப் பார்க்க ஆள் வேண்டும். குளிரில் கொள்ளளவு சரியும், ரஷ்யக் குளிர் நம்ம ஊட்டிக் குளிர் கிடையாது. ஒரே எஞ்சினுக்குள் முழு மின்சார எஞ்சின் ஒன்று, பேட்டரி அறை ஒன்று, ரெண்டையும் இணைக்கும் ஸ்விட்ச் கியர் இன்னொன்று. பழுதாக மூன்று இடங்கள். யார்டு மேலாளருக்கு வேண்டியது, காலையில் ஸ்டார்ட் ஆகி மறுநாள் காலை வரை ஓடும் ஒரு எஞ்சின்.

அப்படி ஒன்று ஏற்கெனவே அவர் கையில் இருந்தது. பிரையான்ஸ்க் ஆலையின் டிஇஎம்1 டீசல், 1000 குதிரைத்திறன், 1958 முதல். அதன் பூர்வீகம் கொஞ்சம் சுவாரசியம். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கா உதவியாக அனுப்பிய ஆல்கோ நிறுவன டீசல் எஞ்சினை வைத்து 1947-இல் கார்கிவில் டிஇ1 செய்தார்கள். அந்த வம்சத்தின் ஷண்டிங் பிள்ளைதான் டிஇஎம்1. அதே ஆல்கோவின் உரிமத்தில்தான் பின்னாளில் வாரணாசியில் இந்திய டீசல்களும் உருவாயின. நம்ம யார்டுகளில் பார்த்திருக்கக்கூடிய டபிள்யூடிஎஸ்6 ஷண்டிங் எஞ்சினின் இதயமும் ஆல்கோதான்.

பிறகு வந்தது சிஎம்இ3. பிராகாவின் சிகேடி ஆலை, 1350 குதிரைத்திறன், ஆறு அச்சு, 123 டன். சோஷலிச நாடுகள் வேலையைப் பங்கு போட்டுக்கொண்ட காலம் அது. பயணிகள் மின்சார எஞ்சினும் ஷண்டிங் டீசலும் செக்கோஸ்லோவாக்கியாவின் பங்கு. சிஎம்இ3-இன் முதல் மாதிரி 1963-இல் வந்தது, விஎல்41 பிறந்த அதே வருடம். அதன் தொடர் உற்பத்தி ஆரம்பித்த 1964-இல்தான் விஎல்41-இன் உற்பத்தி நின்றது. ஒன்று மற்றொன்றுக்கு நேரடிக் காரணம்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா யாரோ ஆயிரக்கணக்கில் கட்டி ரயிலில் ஏற்றி அனுப்பும்போது, எந்த அமைச்சகமும் சொந்த ஆலையில் சிக்கலான ஒரு மாற்றை வளர்த்துக்கொண்டிருக்காது. மேற்கு சைபீரியாவில் எண்ணெயும் அப்போதுதான் பெருகத் தொடங்கியது. டீசல் விலை யாருக்கும் கவலை தரவில்லை.

விலையை வேறு யாரோ கொடுத்தார்கள். சோவியத் டீசல் எஞ்சின்களில் குளிர்விப்பானாக இருந்தது சாதாரணத் தண்ணீர், உறையெதிர்ப்பு திரவம் கிடையாது. மைனஸ் முப்பதில் எஞ்சினை அணைத்தால் தண்ணீர் உறைந்து உலோகமே வெடிக்கும். அதனால் குளிர்காலம் முழுக்க அணைக்கவே மாட்டார்கள். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், இரவு பகலாக, ஐடிலில் ஓடிக்கொண்டே இருக்கும். ஷண்டிங் எஞ்சினின் நாளில் காத்திருப்பே அதிகம்னு முதல்ல சொன்னேன்ல? அந்தக் காத்திருப்பு முழுக்கப் புகை. யார்டுகள் ஊருக்கு நடுவில், ஊரே யார்டைச் சுற்றி வளர்ந்தது. மின்சார எஞ்சின் எதுவுமே செலவழிக்காத அதே மணி நேரங்களில், டீசல் எஞ்சின் அங்கே குடியிருந்த ரயில்வே குடும்பங்களின் ஜன்னலுக்கு வெளியே எரிந்துகொண்டிருந்தது. திட்டக் கணக்கில் இதற்கு ஒரு நிரல் இல்லை. இருந்திருந்தால் விஎல்26-க்கு இன்னும் சில ஆண்டு அவகாசம் கிடைத்திருக்கும் என்பது என் கருத்து.

சிஎம்இ3 இன்னமும் முன்னாள் சோவியத் நாடுகளின் யார்டுகளில் ஓடுகிறது. ஆனா விஎல்26-ஓட ஐடியா செத்துப்போகலை. 2010-களில் லூதினோவோவில் டிஇஎம்9எச் என்ற ஹைபிரிட் ஷண்டிங் எஞ்சின் கட்டினார்கள். சின்ன டீசல், லித்தியம் பேட்டரி, சூப்பர் கெபாசிட்டர். சுவிட்சர்லாந்து தலைகீழாகச் செய்தது: 2012 வாக்கில் வந்த ஈஇஎம் 923 மின்சார எஞ்சின், கம்பியில்லாத கடைசித் துண்டுக்கு மட்டும் ஒரு குட்டி டீசல். 2020-களின் தொடக்கத்தில் ரஷ்யாவின் டிரான்ஸ்மாஷ்ஹோல்டிங் எம்கா2-வைக் காட்டியது. கம்பியும் பேட்டரியும் சேர்ந்த ஷண்டிங் எஞ்சின். விஎல்26-இன் அதே வரையறை, லித்தியத்தோடு. நான் மேலே போட்ட 33 டன் கணக்கு, கிலோவுக்கு 150 வாட்-மணி என்று வைத்தால் ஏழு டன்னுக்கும் கீழே வந்துவிடும்.

நம்ம பக்கமும் இதே கேள்வி வந்தாச்சு. இந்திய அகலப்பாதை கிட்டத்தட்ட முழுக்கக் கம்பிக்குக் கீழே வந்துவிட்டது, யார்டுகளில் இன்னும் டீசல் ஷண்டிங் நடக்கிறது. 2020-இல் மேற்கு மத்திய ரயில்வேயின் ஜபல்பூர் கோட்டம், கம்பியிலும் பேட்டரியிலும் ஓடும் ஒரு ஷண்டிங் எஞ்சினைத் தயாரித்து அதற்கு நவ்தூத் என்று பெயர் வைத்தது. அடுத்த தடவை ஏதாவது ஸ்டேஷன்ல ரயில் கிளம்பக் காத்திருக்கும்போது யார்டு பக்கம் பாருங்க. ஒரு எஞ்சின் சும்மா நின்னு உறுமிட்டு இருக்கும். அதுக்கு மேல கம்பி இருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.